பெர்லினின் துருப்பிடித்த ராட்டினம்

பெர்லினைச் சுற்றிப் பார்க்கப் போன வெளிநாட்டு இளைஞர்கள் பலர், 2000-களில் ஒரு வேலியைத் திருட்டுத்தனமாக ஏறிக் குதித்தார்கள். உள்ளே இருந்தது ஷ்ப்ரே நதிக்கரையில் கைவிடப்பட்ட ஷ்ப்ரேபார்க் கேளிக்கைப் பூங்கா. சாய்ந்து கிடந்த டைனோசர் பொம்மைகள், புதர் மூடிய தண்டவாளங்கள், 45 மீட்டர் உயர ராட்டினம்... கேமரா வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான்!

ஆனால் கிழக்கு பெர்லின்காரர்களுக்கு அது வெறும் பாழிடம் அல்ல, சின்ன வயது ஞாபகம். கிழக்கு ஜெர்மனி தன் 20-ம் ஆண்டு விழாவுக்காக 1969-ல் திறந்த பூங்கா அது. அந்த நாட்டின் ஒரே நிரந்தரக் கேளிக்கைப் பூங்காவும் அதுதான். பெரிய ராட்டினம் 1989-ல் வந்தது. அதே வருடம் நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது; அடுத்த வருடம் அந்த நாடே இல்லை!

பூங்கா தனியார் கைக்குப் போனது. சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் கார் நிறுத்தப் போதிய இடமில்லை. கூட்டம் குறைந்தது, கடன் ஏறியது, 2001-ல் திவால். நடத்தியவர் சில ராட்டினங்களைப் பெரு நாட்டுக்குக் கொண்டுபோனார். ஜெர்மனிக்குத் திரும்பவிருந்த ஒன்றின் கம்பத்துக்குள் 167 கிலோ கொகெயின் பிடிபட்டது.

2014-ல் பெர்லின் நகரம் பூங்காவை மீட்டது. 2021-ல் பெரிய ராட்டினத்தைப் பழுது பார்க்கக் கழற்றினார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் சுவரைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. சுவருக்குப் பின்னால் வாழ்ந்தவர்களுக்கு விடுமுறை நாட்களும் இருந்தன என்பதற்கு அந்த ராட்டினம் சாட்சி.