மேலே நெல்! கீழே எண்ணெய்!

தஞ்சைத் தரணியைப் பற்றிப் பேசப் புகுந்தால், நாம் நெல்லைப் பற்றித்தான் பேசுவோம். கரிகாலனின் கல்லணை, 1830களில் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணை, 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை ஆகியவை நெல்லின் வரலாற்றுக்கு அடையாளக் கற்கள். பள்ளிப் பிள்ளைகளும் அவற்றை அறிவர். ஆனால் அதே மண்ணுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது வயலுக்கு அடியிலே, ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலே தொடங்குகிறது. நெல்லின் வரலாற்றை அறிந்த நாம், எண்ணெயின் வரலாற்றையும் அறிந்தாக வேண்டும். ஏனெனில் இரண்டும் ஒரே மண்ணை நம்பி நிற்பவை. அம்மண்ணை நம்பி நிற்பவர்களோ பல இலட்சம் உழைப்பாளிகள்.

காவிரி பிறந்த கதையைப் புராணம் ஒரு கமண்டலத்துக்குள் அடக்கிவிட்டது. நிலநூல் வல்லார் சொல்லும் கதை அதனினும் பெரிது. பல கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலப்பகுதி பழைய தென்பெருங்கண்டத்தினின்று பிரிந்து விலகிய காலத்தில், இன்றைய சோழமண்டலக் கரையோரம் நிலம் பிளந்தது. ஆழமான பள்ளங்கள் தோன்றின. ஆறுகள் கொணர்ந்த மண்ணும் கடல் கொணர்ந்த சேறும் அவற்றை நிரப்பின. சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம், மேலே ஏறிய மண்ணின் பாரத்தாலும் உள்வெப்பத்தாலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியது. நிலப்பரப்பில் மட்டும் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் விரிந்துள்ள இப்பகுதியைக் காவிரிப் படுகை என்று அழைக்கின்றனர்.

அந்தச் செல்வத்தைத் தேடும் ஆற்றல் நமக்கு எப்போது வந்தது? அஸ்ஸாமில் டிக்பாய் என்னும் இடத்தில் 1889 இல் எண்ணெய் கிடைத்தது. ஆயினும் நாடு விடுதலை பெற்ற பிறகும் எண்ணெய் வாணிகம் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய அன்னியக் கம்பெனிகளின் பிடியிலேயே இருந்தது. விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கும் ஏழையும் அவர்கள் வாயில் நோக்கியே நிற்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற முனைந்தவர் மத்திய அமைச்சர் கேசவதேவ் மாளவியா. 1956 ஆகஸ்டு 14 ஆம் நாள் எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் தோன்றியது. இன்று மக்கள் ஓ.என்.ஜி.சி. என்று அழைப்பது அதனையே. சோவியத்து வல்லுநர்கள் துணைநின்றனர். 1958 இல் குஜராத்தின் காம்பேயிலும், 1960 இல் அங்கலேஸ்வரிலும், 1974 இல் பம்பாய்க் கடலிலும் எண்ணெய் கண்டனர். 1974 இல் எஸ்ஸோவும் 1976 இல் பர்மா ஷெல்லும் நாட்டுடைமை ஆயின. பொதுத்துறை வென்றது! அந்த வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பொதுச் செல்வம் பொதுமக்களின் கையில் இருக்க வேண்டும் என்பது அறிவுடையோர் அனைவரும் ஒப்பும் கொள்கை.

காவிரிப் படுகையில் முதல் ஆழ்துளைக் கிணறு 1964 இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி அங்கிருந்து அகன்று பத்தாண்டுகளே ஆகியிருந்தன. தேடல் நெடியது, பலன் 1980களின் நடுவில்தான் கிட்டியது. நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம் என்று, அதுவரை நெல் மூட்டையால் மட்டுமே பெயர்பெற்றிருந்த சிற்றூர்கள் எண்ணெய்த் துறையினரின் வரைபடத்தில் இடம்பெற்றன. 1993 இல் நாகைக்கு அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் எண்ணெயைத் தூய்மை செய்யும் ஆலை எழுந்தது. இங்குக் கிடைத்த வாயுவைக் கொண்டு திருமக்கோட்டையில் 108 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட் ஆற்றலுள்ள மின்நிலையங்கள் அமைந்தன. தஞ்சை மண் சோறு மட்டுமன்று, ஒளியும் தந்தது.

தந்தது யாருக்கு? இதுவே நாம் எழுப்பும் வினா.

எண்ணெய் கண்ட அதே நாகை வட்டாரத்தில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த உழைப்பாளிகளின் குடும்பத்தைச் சார்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். நெல்லை விளைவித்தவனுக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கிடைப்பதற்கே அத்துணை விலை கொடுக்க வேண்டியிருந்தது! 1952 இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969 இல் விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் நிலமில்லாதவன் நிலமில்லாதவனாகவே இருந்தான். இப்போது எண்ணிப் பாருங்கள். வயலில் துளையிடக் குத்தகை பேசும்போது பணம் யாருக்குச் சேரும்? பட்டா வைத்திருப்பவருக்குச் சேரும். அவ்வயலில் நடவுக்கும் களைக்கும் அறுவடைக்கும் சென்ற பெண்ணுக்கு? அவள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆகவே அவள் இழந்த வேலை நாட்களுக்கு இழப்பீடும் இல்லை. மேலே விளைந்த செல்வத்தில் பங்கு பெறாதவள், கீழே கிடைத்த செல்வத்திலும் பங்கு பெறவில்லை.

தனி மனிதருக்கு நேர்ந்தது மாநிலத்துக்கும் நேர்ந்தது. வேளாண்மை, நீர், நிலம் மூன்றும் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் உள்ளன. எண்ணெய் வயல்களோ மத்தியப் பட்டியலில், 53 ஆவது இனமாக உள்ளன. நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு உரிமத்தொகை மாநிலத்துக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் அதன் வீதத்தைக் குறிப்பது டில்லி. குத்தகை கொடுக்கும் மாநிலமும் முதலில் டில்லியின் ஒப்புதலைப் பெற வேண்டும். வயல் ஒருவர் பொறுப்பு, வயலின் அடிப்பகுதி மற்றொருவர் பொறுப்பு! ஒரே வீட்டின் கூரையை ஒருவருக்கும் தரையை மற்றொருவருக்கும் எழுதிவைத்தால், அவ்வீட்டில் அமைதி நிலவுமா?

நிலவவில்லை என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. 2010 இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படிவ மீத்தேன் எடுக்கத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு மத்திய அரசு உரிமை வழங்கியது. 2011 இல் மாநில அரசும் உடன்பாடு செய்துகொண்டது. அந்த வாயு நீரின் அழுத்தத்தால் நிலக்கரியோடு ஒட்டிக் கிடப்பது. நீரை இறைத்து வெளியேற்றினால்தான் வாயு விடுபடும். கடலோர மண்ணில் அடிநீரை இறைத்தால் உப்பு நீர் உட்புகாதா என்று உழவர் கேட்டனர். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று அதனை எடுத்துரைத்தார். அப்பணியிலேயே 2013 டிசம்பரில் மறைந்தார். வல்லுநர் குழு ஆராய்ந்தது. 2015 இல் மாநில அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் எழுந்தது. ஓ.என்.ஜி.சி. முன்பே கண்டறிந்து எடுக்காது விட்ட சிறு வயல்களை ஏலத்தில் பிறருக்கு அளிக்கும் திட்டம் அது. நெடுவாசல் ஒரு தனியார் கம்பெனிக்குச் சென்றது. பொதுத்துறையின் உழைப்பில் கண்ட செல்வம் தனியார் கைக்கு! அதே ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் தஞ்சை மாவட்டக் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டது. விளக்கம் கேட்டுத் திரண்ட மக்கள் மீது தடியடி நடந்தது. பலர் சிறை புகுந்தனர்.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் புதிய எண்ணெய், வாயுப் பணிகளுக்கு அது தடை விதித்தது. முன்பே நடைபெற்றுவந்த பணிகளை அது தொடவில்லை. உழவர் கோரியது முழுதும் கிடைக்கவில்லை எனினும், மண்ணின் மேல் வாழ்வோர்க்கும் ஒரு சொல் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

உலகில் வேறு வழி இல்லையா? நார்வே நாட்டைப் பாருங்கள். 1969 இல் அதன் வடகடலில் பெரும் எண்ணெய் வயல் கண்டனர். 1972 இல் அரசு ஸ்டாட்டாயில் என்னும் கம்பெனியை நிறுவியது. எண்ணெய்ப் பணத்தை அன்றன்றே செலவழிக்காமல், பிறக்கப்போகும் தலைமுறைக்கும் சேர்த்துவைக்க 1990 இல் நிதிச் சட்டம் இயற்றியது. அக்கம்பெனி 2017 இல் ஸ்காத்லாந்துக் கடலில் மிதக்கும் காற்றாலைகளை இயக்கியது. 2018 இல் தன் பெயரையே ஈக்வினார் என்று மாற்றிக்கொண்டது. இன்றும் அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசுடையது. எண்ணெய் ஒருநாள் தீரும் என்பதை உணர்ந்தவர் செய்த ஏற்பாடு இது.

நம் ஓ.என்.ஜி.சி.யும் காற்றை நாடாமல் இல்லை. 2008 இல் குஜராத்தில் 51 மெகாவாட் காற்றாலைகளை நிறுவியது. பின்னர் இராசஸ்தானத்தில் 102 மெகாவாட் நிறுவியது. காற்றுக்கு வடக்கே செல்ல வேண்டிய தேவை என்ன என்று கேட்கத் தோன்றுகிறது! 1986 இலேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை சுழன்ற நாடு இது. குடகில் மழையாகப் பொழிந்து காவிரியை நிரப்பும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தலில் விசிறிகளைச் சுழற்றுகிறது. குறுவைக்கு நீர் தரும் காற்றே மின்சாரமும் தருகிறது. அதற்காகத் தஞ்சை வயலில் துளையிட வேண்டியதில்லை.

நாம் எண்ணெய்க்குப் பகைவர் அல்லர். தொழில் வளர்ச்சியை எதிர்த்துப் பழமையில் படுத்துறங்கச் சொல்பவரும் அல்லர். டிராக்டரும் பம்புசெட்டும் உரமும் எரிபொருளின்றி இல்லை என்பதை அறிவோம். கேட்பது மூன்றே. துளையிடும் முன் ஊரின் ஒப்புதல் பெறுக. கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கை, பட்டா உள்ளவருக்கு மட்டுமன்றி, அம்மண்ணில் உழைப்பவர் அனைவரின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் என்று ஒதுக்குக. எண்ணெய் தீர்ந்த பின்னும் நெல் விளையும் நிலையில் நிலத்தைத் திருப்பித் தருக. ஓ.என்.ஜி.சி. 1993 இல் கம்பெனியாக மாறி, அதன் பங்குகள் சந்தையில் விற்கப்பட்ட பிறகும், ஏறத்தாழ 59 விழுக்காடு அரசின் கையில்தான் உள்ளது. அரசு என்பது மக்கள் என்றால், அந்த 59 விழுக்காட்டில் கீழ்வெண்மணியின் பேரப்பிள்ளைகளும் பங்காளிகள். பங்காளியைக் கேளாமல் சொத்தில் கைவைப்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்பாது. டில்லி மட்டும் அதற்கு விலக்காக இருக்க முடியாது.