துப்புரவின் பெயரால் பறிக்கப்பட்ட இடங்கள்

19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் மருத்துவமனைப் பெயர்களே இனப் பிரிவினையைக் காட்டிவிடும். பிரசிடென்சி பொது மருத்துவமனை ஐரோப்பியருக்கு. 1792இல் தோன்றிய 'நேட்டிவ் ஹாஸ்பிட்டல்' இந்தியருக்கு. ('பொது' என்னும் சொல் யாருக்குப் பொதுவாக இருந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.)

இப்பிரிவினை நகராட்சி அரசியலில் வெளிப்பட்ட விதம் இன்னும் கூர்மையானது. 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி 75 நகராட்சி உறுப்பினர்களில் 50 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். பேச்சு மிகுதி, செயல் குறைவு என்று துணைநிலை ஆளுநர் அலெக்சாந்தர் மெக்கன்சி அம்மன்றத்தைச் சாடினார். 1898இல் பிளேக் பரவியதும் அவ்வாதம் வலுப்பெற்றது. கர்சன் காலத்தில், 1899இல் நிறைவேறிய சட்டம் தேர்ந்தெடுக்கப்படுவோரை 25ஆகக் குறைத்தது. சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 பேர் பதவி துறந்தனர்.

அந்த 50 இடங்களையும் இலட்சியமாக்க வேண்டியதில்லை. வாக்குரிமை சொத்துடையோருக்கே இருந்தது. பிளேக்குக்கு மிக அஞ்சவேண்டியிருந்த பஸ்தி மக்களுக்கு அன்றும் வாக்கில்லை. ஆயினும், நோயைக் காரணங்காட்டி நோயுறுவோரின் நகரத்தாரையே மன்றத்திலிருந்து குறைத்தது விந்தையான மருத்துவம்.

1923இல் அச்சட்டத்தை மாற்றியமைத்த புதிய நகராட்சிச் சட்டத்தை அமைச்சராக இருந்து கொண்டுவந்தவர், அன்று பதவி துறந்த அதே சுரேந்திரநாத். மறு ஆண்டு சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார்.