மேடையிறங்காத பாடல்கள்

இயல், இசை, நாடகம் என்னும் மூன்றும் ஒரே மேடையில் கைகோத்து நின்ற காலம் ஒன்றுண்டு. இரவு தொடங்கி விடியும்வரை நடந்த இசை நாடகங்களின் காலம் அது. அவற்றில் நடிகர் பேசியதினும் பாடியதே மிகுதி. அந்நாடகக் கம்பெனிகள் கலைந்தன. கொட்டகைகள் படக்கொட்டகைகளாக மாறின. பாடிய பெருமக்களும் மறைந்தனர். ஆயினும் பாடல்கள் மறையவில்லை. ஜொகூர் மாநிலத் தோட்டப்புறங்களில் வளர்ந்த முதியோர் சிலரின் நாவில் வள்ளியும் பவளக்கொடியும் இன்றும் வாழ்கின்றனர். அவை நிலைத்தமைக்குக் காரணம் யாது?

அப்பாடல்களின் ஊற்றுக்கண், தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாச சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை அவர் யாத்தார். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். வெண்பாவும் விருத்தமும் அவருடைய நாடகங்களில் உண்டு; கீர்த்தனையும் சிந்தும் உண்டு. புலவர் சுவைக்கும் சொல்லைப் பாமரர் பாடும் மெட்டில் வைத்தமையே அவர் செய்த அருஞ்செயல். எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டு மறுநாள் பாடினர்.

மெட்டும் சொல்லும் மட்டுமே இப்பாடல்களைக் காத்தன என்று கூறுதல் பொருந்தாது. ஸ்பெஷல் நாடகம் என்னும் வழக்கம் இங்கு நினைக்கத் தக்கது. ராஜபார்ட் ஓர் ஊரினர். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரினர். ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரினர். முன்பின் அறியாத அவர்கள் ஓரிரவு மேடையில் கூடி, ஒத்திகையின்றியே முழு நாடகத்தையும் நடத்தி முடிப்பர். எல்லாரும் பயின்ற பாடம் ஒன்றே ஆதலின் இஃது இயன்றது. ஊர் பல, பாடம் ஒன்று. அறியாதவரை ஒன்றுசேர்க்கும் இவ்வாற்றலே அப்பாடல்களின் உயிர்நிலை.

கடல் கடந்த மண்ணில் இவ்வாற்றல் பெரிதும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுவினர் தீட்டிய திரைகளோடும் புதிய மெட்டுகளோடும் சென்னைக்கும் வந்தனர், பினாங்குக்கும் வந்தனர். தமிழ் மேடை அம்மெட்டுகளை ஏற்றது. பினாங்கில் 1885ஐ ஒட்டி மலாய்மொழிப் பங்சவான் நாடகம் அவர்களைப் பின்பற்றியே எழுந்தது. ஆகவே பங்சவானும் தமிழ் இசை நாடகமும் ஒருவகையில் உடன்பிறப்புகளாம். தமிழ்க் குழுக்களும் கப்பலேறிச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்து ஆடின.

1909இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவெய்தியது. சிகாமட், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. சேலத்தாரும் திருச்சியாரும் தஞ்சையாரும் வடஆர்க்காட்டாரும் ஒரே லயத்தில் குடியமர்த்தப்பட்டனர். பேச்சு வழக்கும் குலதெய்வமும் வேறுபட்ட அவர்களுக்குப் பொதுவாய் இருந்தவற்றுள் நாடகப் பாட்டும் ஒன்று. கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பால்மரம் சீவிய கைகளே இரவில் அரிதாரம் பூசின. ஆடவரே பெண்வேடமும் கட்டினர். சிறு பாட்டுப் புத்தகங்களை வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர் செவிவழிப் பாடம் செய்தனர்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் அமர்ந்தவனும் கேட்கும்படி பாடுதல் வேண்டும். அக்கலையில் சிகரம் தொட்டவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்த அவர் 1933இலேயே மறைந்தார். அவர் குரல் இசைத்தட்டுகளில் எஞ்சியுள்ளது. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மேடையில் விரிந்த பாட்டு அதற்குள் சுருங்கியது. ஆயினும் மேடை செல்லாத ஊருக்கும் தட்டு சென்றது. அவர் துணைவியார் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் திரையிலும் அம்மரபை வளர்த்தார். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்தபின் பேசும் படம் நாடகத்தைச் சாய்த்தது என்பர். பாட்டை அது சுமந்து சென்றது என்பதும் உண்மை. மேடையில் விளங்கிய பவளக்கொடி 1934இலும், வள்ளியின் கதை 1945இலும் திரையேறின.

பழைய பாட்டு புதுப்பொருளையும் தாங்கும். தினைப்புனத்தில் வள்ளி பறவையோட்டும் காட்சியை, வெள்ளையராட்சியைச் சாடும் களமாக்கினார் விசுவநாத தாஸ். பன்முறை சிறை புகுந்த அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்நீத்தார். அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பொன்று உண்டு. 1927இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஷோ போட்' இசை நாடகத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி பாடும் பாடல் உண்டு. மறுஆண்டு இலண்டனில் அதைப் பாடிய பால் ராப்சன், பிற்காலத்தில் அதன் சொற்களை மாற்றித் துயரப் பாட்டைப் போராட்டப் பாட்டாக்கினார். பாடுவோர் கைக்கொள்ளும்வரை பாட்டு முதுமை எய்துவதில்லை.

இன்று ஜொகூரில் ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனையாயிற்று, சில நகராயின. லயங்களை விட்டுப் பெயர்ந்தோர் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் முதலிய இடங்களின் குடியிருப்புகளில் சிதறி வாழ்கின்றனர். அன்று கப்பலிறங்கிய பாட்டன்மார் போல அவர்தம் பேரரும் அண்டை வீட்டாரை அறியாதவராய் உள்ளனர். பழம் பாடல்களைத் தேடிக் கேட்கும் வசதி முன்னெப்போதினும் மிகுந்துள்ளது. ஆனால் கேட்பது தனிமையிலும் நிகழும்; பாடுவதற்கோ பின்பாட்டுக்காரர் வேண்டும், தாளம் போடுவோர் வேண்டும், எதிரே அமர ஓர் அவை வேண்டும். பள்ளி விழாவிலும் கோயில் விழாவிலும் வள்ளி நாடகத்தின் ஒரு காட்சியேனும் முதியோர் சொல்லிக்கொடுக்கச் சிறுவர் பாடி நடிப்பாராயின், ஊர் பலவாய்ப் பிரிந்தோர்க்கு மீண்டும் பாடம் ஒன்றாகும். சொல்லிக்கொடுக்க வல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை மறத்தலாகாது.