வங்கத்துப் பசி: சனத்தொகைதான் காரணமா?

"ஸேர், பங்களாதேஷ்ல சனம் கூட. அதாலதான் அங்க ஏழ்மை." ரிலீப் பாடவேளையொன்றில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சொன்னது இது. "அது அவங்கட நஸீபு ஸேர்" என்றான் பக்கத்தில் இருந்தவன். இவ்விரு விடைகளையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டு பல வருடம் நானும் கடந்துபோயிருக்கிறேன். அவை சரிதானா என்று வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் வங்கம் ஏழை நாடல்ல. மேக்னா நதிக்கரையில் விளைந்த பருத்தியில் நெய்த டாக்கா மஸ்லினுக்கு உலகச் சந்தைகள் காத்துக்கிடந்தன. 1757 இல் பிளாசிப் போர் நடந்தது. 1765 இல் வரி வசூலிக்கும் உரிமையான திவானி கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்குப் போனது. ஐந்தே வருடத்தில், 1770 இல், பெரும் பஞ்சம். வங்க ஆண்டுக் கணக்கில் அது 1176. ஆகவே 'எழுபத்தாறின் பஞ்சம்' என்றே அம்மக்கள் அதை இன்றும் நினைவுகூர்வர். மழை பொய்த்தது உண்மை. ஆனால் சனத்தில் மூன்றில் ஒரு பங்கு மாண்டிருக்கும் என்று கணித்த வாரன் ஹேஸ்டிங்ஸே, 1771 இன் வரி வசூல் பஞ்சத்துக்கு முந்திய 1768 இன் வசூலையும் மிஞ்சியதென எழுதிவைத்தார். செத்தவன் பங்கையும் இருந்தவனே கட்டினான் என்பதுதான் இதன் பொருள்.

1793 இல் கோர்ன்வாலிஸ் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அரசுக்குரிய தொகை மாறாதென்று எழுதிக்கொடுக்கப்பட்டது. குடியானவன் ஜமீன்தாருக்குக் கட்ட வேண்டிய தொகைக்கோ அத்தகைய உறுதி கிடைக்கவில்லை. இடைத்தரகர் அடுக்கடுக்காய்ப் பெருகினர். மறுபுறம் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து தறிகளை அடக்க, நெசவாளி கலப்பைக்குத் திரும்பினான். ஒரே நிலத்தில் உண்ணும் வாய்கள் இப்படித்தான் கூடின.

அம்மக்கள் இதை நஸீபு என்று ஏற்றுக்கொண்டு கிடக்கவில்லை. தாடிக்கும் வரி கேட்ட ஜமீன்தாரை எதிர்த்த தீத்து மீர், 1831 இல் மூங்கிற் கோட்டை கட்டிப் போராடி, கம்பனிப் படையின் பீரங்கிக்கு ஷஹீதானார். ஹஜ்ஜிலிருந்து மீண்ட ஹாஜி ஷரீஅத்துல்லாஹ் பராயிழி இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் அல்லாஹ்வுடையது, பரம்பரை உரிமை சொல்லி அதற்கு வரி கேட்க எவனுக்கும் உரிமையில்லை என்று அவரது மகன் தூது மியான் முழங்கினார், சிறைக்கும் போனார். இதை வெறும் மதச் சண்டையாகப் பார்ப்பது தவறு. ஜமீன்தாரில் முஸ்லிம்களும் இருந்தனர். அவுரித் தோட்டத்துரை வெள்ளைக்காரன்.

1942 இல் ஜப்பானிடம் பர்மா வீழ்ந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையும் தடுமாறியது. நமது மூத்தம்மாமார் சொல்லும் கூப்பன் கதைகள் அக்காலத்தில் தொடங்கியவை. வங்கத்திலோ, ஜப்பானியர் கையில் சிக்கிவிடும் என்று சொல்லி ஆற்றுப் படகுகளையே அரசு பறித்தது. மீனவனும் படகுக்காரனும் முதலில் பட்டினி கிடந்தனர். யுத்தச் செலவால் விலை ஏறியது, வியாபாரிகள் பதுக்கினர். 1943 இல் மாண்டவர் 15 இலட்சம் என்று விசாரணைக்குழு சொன்னது. 30 இலட்சம் வரையும் இருக்கலாம் என்பர் பின்வந்த ஆய்வாளர். அவ்வருடம் இருந்த உணவு, பஞ்சமே இல்லாத 1941 இல் இருந்ததைவிடக் கூடுதல் என்று அமர்த்தியா சென் கணக்கிட்டுக் காட்டினார். கடையில் அரிசி இருந்தது. கூலிக்காரன் கையில்தான் காசில்லை.

1974 இலும் அதே கதை. 1971 முதல் 1975 வரையான வருடங்களில் பங்களாதேஷில் தலைக்குக் கிடைத்த தானியம் மிகுந்திருந்தது அவ்வருடந்தான். ஆனால் வெள்ளத்தால் நாற்றுநடும் வேலை போய்க் கூலி நின்றது; அரிசி விலை எகிறியது. கியூபாவுக்குச் சணற்சாக்கு விற்ற குற்றத்துக்காக அமெரிக்காவின் உணவுக் கப்பல்களும் தாமதித்தன. ரங்பூரிலும் மைமன்சிங்கிலும் வீதியோரம் பிணங்கள் கிடந்தன. பாணுக்கு வரிசையில் நின்றதாக நம்மூர் மூத்தவர்கள் சொல்லும் காலமும் அதுதான். இங்கே குறைந்தளவேனும் கூப்பன் அரிசி இருந்தது. கூலிக்காரனையும் எட்டும் பங்கீடொன்று இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் இடையிலான வித்தியாசம் சில வேளை ஓர் உயிரின் பெறுமதி.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். 1971 இல் ஏறத்தாழ ஏழு கோடியாயிருந்த சனத்தொகை 2022 இல் பதினாறரைக் கோடியைத் தாண்டியது. சனமே காரணமாயின் ஏழ்மை இரட்டித்திருக்க வேண்டும். மாறாக, 2000 இல் சனத்தில் 48.9 வீதமாயிருந்த ஏழைகள் 2022 இல் 18.7 வீதமாகக் குறைந்தனர். புதிய நெல்லினங்களும் நீர்ப்பாசனமும் வந்தன. பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போயினர். வெளிநாட்டு உழைப்பும் தையல் ஆலைகளும் கைகொடுத்தன. அவ்வளவும் நல்லதென்று சொல்லவும் முடியாது. 2013 இல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டதும் அந்த உழைப்பின் விலையே.

அடுத்த கிழமை அந்த வகுப்புக்கு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மாணவன், "அப்ப ஸேர், எங்கட ஊர்ல ஏழையா இருக்கிறவங்களுக்கும் யாரோ காரணமா?" என்றான். அவனுடைய வாப்பா நாட்கூலிக்குப் போகிறவர். நஸீபு என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிட எனக்கு வாய் வரவில்லை.