பூங்காவும் நாங்களும்

கல்லூரியின் நூறாண்டுகளைப் பற்றி எழுத மூத்த சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். 1990களில் படித்த எங்கள் வகுப்பினர், கல்லூரி வளவுக்கு வெளியே எங்கள் படிப்பில் பாதி நடந்த இடத்தைப் பற்றி எழுதத் தீர்மானித்தோம். அது கொழும்பு நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள விகாரமகாதேவிப் பூங்கா.

ஒல்லாந்தர் கறுவா வளர்த்த நிலம் அது. கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்றும் அப்பகுதிக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டம் வீதிகளாகவும் மாளிகைகளாகவும் மாறியபோது, இத்துண்டு விக்டோரியா பூங்காவாகியது. நிலத்தை வழங்கியவர் சாள்ஸ் ஹென்றி டி சொய்சா என்பர். மருத்துவம் படித்த எங்களில் சிலர் பிரசவம் பார்க்கப் பழகிய டி சொய்சா வைத்தியசாலையும் அவருடைய கொடையே. வெள்ளைக் குவிமாடத்தோடு நகர மண்டபம் எழுந்தது 1928இல்.

இரண்டாம் உலகப் போரில் பூங்கா இராணுவ முகாமாகியது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலத்தில், அவுஸ்திரேலியப் படையினர் இங்கே தங்கியிருந்தனர். காலிமுகத்திடலில் நின்ற, எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த போர் நினைவுத்தூண், எதிரிக் கப்பல்களுக்குக் குறியாகிவிடும் என்ற அச்சத்தால் பெயர்க்கப்பட்டு இங்கே வந்தது. பூங்கா மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1951இல். 1958இல் விக்டோரியாவின் பெயர் போய், துட்டகைமுனுவின் தாயான விகாரமகாதேவியின் பெயர் வந்தது.

துட்டகைமுனு எல்லாளனை வென்ற கதையை வரலாற்றுப் பாடத்தில் படித்த எங்களுக்கு அந்தப் பெயர் முதலில் நெருடியது உண்மை. எங்கள் சரித்திர ரீச்சரோ போர்க்கதையை விட்டுவிட்டு, கடல் பொங்கியபோது தந்தையின் குற்றத்துக்காகப் படகில் ஏற்றிக் கடலில் விடப்பட்ட இளவரசியின் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. எங்களிற் பலரும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு வந்தவர்கள்தானே.

வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேர், மேசை ஒன்று. பூங்காவை அடுத்திருந்த பொது நூலகம்தான் எங்கள் படிப்பறை. கதிரை கிடைக்காத நாளில் பூங்கா வாங்குகளில் படித்தோம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கொப்பிக்குள் எப்போதும் இருக்கும். ஒருநாள் சோதனைக்கு வந்தவர்கள் எங்கள் இரசாயனவியல் கொப்பியை விரிக்கச் சொன்னார்கள். பென்சீன் வளையங்களை நெடுநேரம் பார்த்தார்கள். அவை என்னவென்று எங்கள் அரைகுறைச் சிங்களத்தில் விளக்க நாங்கள் பட்ட பாடு! சிரிப்பு வந்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

1999 டிசம்பர் 18இல் நகர மண்டபத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. பலர் மாண்டனர், சனாதிபதி ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதன்பின் பல மாதங்கள் வீட்டார் எங்களை அந்தப் பக்கம் விடவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு அறைக்குள் முடங்கித்தான் படித்தோம். பெறுபேறு குறைந்தவர்கள் இன்றும் அந்த மாதங்களைத்தான் குறை சொல்கிறார்கள். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டோம்.

போர் முடிந்தபின் சுற்றுவேலி போய்விட்டது. பெரிய அத்தி மரங்களும் மகோகனிகளும் நிற்கின்றன. மார்ச் முதல் மே வரை பூமரங்களைப் பார்க்கவேண்டும். பக்கத்து வீதி ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்குகிறது. 1993இல் தொடங்கிய 'கலா பொல' ஓவியச் சந்தை கூடுவதும் அங்கேதான். தூரமில்லாத நூதனசாலையையும் சேர்த்தால் பிள்ளைகளோடு ஒரு பகல் போய்விடும். நீரிழிவு நோயாளரிடம் தினமும் அரை மணி நேரம் நடவுங்கள் என்கிறோம். மாடிவீட்டில் இருப்பவர் எங்கே நடப்பது என்று கேட்டால், சொல்வதற்கு இந்த இடமாவது இருக்கிறது.

சென்ற ஒன்றுகூடலுக்குப் பிறகு ஏழு பேர் அங்கே போயிருந்தோம். ஒருத்தி பழைய பழக்கத்தில் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கச்சான் வாங்கிக்கொண்டு, எங்கள் வாங்கு எது என்று தேடினோம். ஆளுக்கொரு வாங்கைக் காட்டினார்கள், கடைசிவரை முடிவாகவில்லை.