தாழ்ப்பாளின் விலை

ஐரோப்பாவைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று சொல்லும் கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் யோசனைகள் நான்கைந்துதான். இரவு ரயிலில் போனால் ஓர் இரவின் விடுதி வாடகை மிச்சம். எட்டுப் பேர், பத்துப் பேர் படுக்கும் டார்மிட்டரியில் ஒரு கட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவே போய் விமான நிலைய பெஞ்சில் படுத்துவிடுங்கள். கையில் காசே இல்லையா, சாலையோரம் நின்று லிஃப்ட் கேளுங்கள். இவற்றை வரிசையாகப் படித்தால் ஒன்று தெரியவரும். பணம் மிச்சமாவது பெரும்பாலும் இரவில்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறைக்கான காசைத்தான் மிச்சம் பிடிக்கச் சொல்கிறார்கள். ஆணுக்கு அது பெரும்பாலும் முதுகுவலியோடு போய்விடும். பெண்ணுக்கு அது வேறு கணக்கு. அந்தக் கணக்குக்கு ஐரோப்பாவிலேயே நீண்ட வரலாறு உண்டு.

வியன்னாவில் 1797-இல் பிறந்த இடா பைஃபரிடமிருந்து தொடங்குகிறேன். வசதியான துணி வியாபாரியின் மகள். சகோதரர்களோடு சேர்ந்து, அவர்களைப் போலவே கால்சட்டை போட்டு வளர்ந்தவர். ஒன்பது வயதில் தந்தை இறந்தார். அதன் பிறகு தாய் அவரைப் பெண்ணாக்கும் வேலையைத் தொடங்கினார். பாவாடை வந்தது, பியானோ வந்தது. பியானோ வகுப்பிலிருந்து தப்பிப்பதற்காக அந்தச் சிறுமி தன் விரல்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள், சுட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு தனக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியரைக் காதலித்தார், தாய் விடவில்லை. 1820-இல், தன்னைவிட 24 வயது மூத்த, மனைவியை இழந்த வழக்கறிஞர் ஒருவரை மணந்து லெம்பெர்க் போனார். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ்தான் அது. அரசு அதிகாரிகளின் ஊழலை அம்பலப்படுத்தப்போன கணவருக்குத் தொழில் போயிற்று. வீட்டில் வெறும் ரொட்டிக்கும் திண்டாட்டம். யாருக்கும் தெரியாமல் இடா வெளியே போய் ஓவியமும் இசையும் சொல்லிக்கொடுத்து இரண்டு மகன்களை வளர்த்தார். எதற்குப் பயந்து விரலைச் சுட்டுக்கொண்டாரோ அதுவே சோறு போட்டது.

தாயின் சொத்தில் வந்த பங்கு மகன்களின் படிப்புக்கு உதவியது. அவர்கள் தலையெடுத்த பிறகு, 1842 மார்ச்சில், தன் 44-ஆம் வயதில், இடா உயில் எழுதி வைத்துவிட்டு டான்யூப் நதியில் நீராவிக் கப்பல் ஏறினார். கான்ஸ்டாண்டிநோபிளில் இருக்கும் தோழியைப் பார்த்து வருவதாக ஊருக்குச் சொன்னார். மனத்தில் இருந்தது ஜெருசலேம். தனியாகக் கிளம்பும் பெண்ணுக்குக் கொஞ்சமாவது மரியாதை தரக்கூடிய பயணம் அன்று புனிதப் பயணம்தான். அதோடு வயது. இளமையிலிருந்தே உலகம் பார்க்கும் ஆசை அவருக்கு இருந்தது. அதை இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டது பணத்துக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இனி யாரும் நம்மை இன்னொரு கண்ணால் பார்க்க மாட்டார்கள் என்ற வயது வரும்வரை காத்திருப்பதும் ஒரு செலவுதான். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறாது.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் முதலில் பெயரில்லாமல்தான் வெளியானது. அதில் வந்த பணம் 1845-இல் ஐஸ்லாந்துக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் போக உதவியது. போவதற்கு முன் டேனிஷ் மொழி கற்றார், புகைப்படம் எடுக்கக் கற்றார். கோபன்ஹேகனிலிருந்து கப்பல், அங்கிருந்து குதிரை. சத்திரங்கள் இல்லாத ஐஸ்லாந்தில் பயணிகள் தேவாலயங்களுக்குள் படுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இடாவும் அப்படியே படுத்தார். ஹெக்லா எரிமலைமீது ஏறினார். செடிகளும் பூச்சிகளும் சேகரித்துவந்து அருங்காட்சியகங்களுக்கு விற்றார். இன்று ‘பயணம் செய்துகொண்டே சம்பாதிப்பது’ என்று புதுசுபோலப் பேசுகிறார்கள். ஒரு வியன்னா குடும்பத்தலைவி அதை நூற்றெழுபது வருடத்துக்கு முன்பே செய்துவிட்டார். பின்னால் இரண்டு முறை உலகத்தைச் சுற்றினார். பெர்லின், பாரிஸ் புவியியல் சங்கங்கள் அவரைக் கௌரவ உறுப்பினராக்கின. லண்டனில் இருந்த ராயல் சங்கம் பெண் என்பதால் சேர்க்கவில்லை. பெண்களுக்கு அது முழுமையாகக் கதவைத் திறந்தது 1913-இல்.

ரயில் வந்த பிறகு தூரம் மலிவானது. ஒரு மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்காமல், கூரையுள்ள பெட்டியில், நாளுக்கு ஒரு முறையாவது ஏழைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று பிரிட்டனில் 1844-இல் சட்டமே வந்தது. 1863-இல் தாமஸ் குக் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போன குழுவில் ஜெமீமா மோரல் என்ற யார்க்‌ஷயர் பெண் இருந்தார். குடைபோல விரிந்த பாவாடையோடு மலையேறியதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். குக் விற்றதில் பாதி பயணச்சீட்டு, பாதி துணை. குழுவோடு போனால் அப்பாவோ கணவனோ கூட வர வேண்டியதில்லை. வீட்டுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

குழு இல்லாமல் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1875 ஜூனில், லண்டன் நோக்கி வந்த ரயிலின் முதல் வகுப்பில் 22 வயதுப் பெண் ஒருவர் தனியே இருந்தார். அதே அறையில் கர்னல் வாலன்டைன் பேக்கர் இருந்தார். அந்தக் காலத்து ரயில் பெட்டிகளில் நடைவழி கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கமாக மட்டும் கதவு. அடுத்த நிலையம் வரும்வரை யாரும் உள்ளே வர முடியாது, யாரும் வெளியே போக முடியாது. அவர் அத்துமீறியபோது அந்தப் பெண் கதவைத் திறந்து, ஓடும் ரயிலின் வெளிப்படியில் நின்றுகொண்டார். ரயிலை நிறுத்தும்வரை அப்படியே வந்தார். கர்னலுக்கு ஓராண்டுச் சிறை, 500 பவுண்டு அபராதம். பிறகு அவர் துருக்கிப் படையில் உயர்பதவியில் போய்ச் சேர்ந்தார். இதைப் படித்தபோது என் கணக்கு கொஞ்சம் ஆடிப்போயிற்று. அதிக விலை கொடுத்து வாங்கிய தனிமை அந்தப் பெண்ணுக்குப் பொறியாகத்தான் ஆனது. மூன்றாம் வகுப்பில் கூடையும் குழந்தையுமாக நெருக்கியடித்துக்கொண்டு போனவர்கள் அன்று அவரைவிடப் பத்திரமாகப் போயிருப்பார்கள். கதவு இருந்தால் போதாது, தாழ்ப்பாள் யார் கையில் என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் ரயில்களில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதிய அறைகள் 1977 வரை இருந்தன.

அறையை மலிவாக்கியவர் ஒரு ஜெர்மன் பள்ளி ஆசிரியர். 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போன ரிச்சர்ட் ஷிர்மான், புயலில் மாட்டி ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களில் இளைஞர்கள் தங்கினால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. அல்டேனா கோட்டையில் அவர் தொடங்கிய விடுதி இன்றும் இருக்கிறது. பிரிட்டனில் 1930-இல் இதே மாதிரிச் சங்கம் வந்தது. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் படுக்கையறை, நேரத்துக்கு விளக்கணைப்பு, மது கூடாது, காலையில் ஆளுக்கொரு வேலை. இந்தக் கெடுபிடிகளைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆனால் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்த பெண்கள் வார இறுதியில் முதுகுப்பையோடு கிளம்ப முடிந்ததில் அந்தக் கெடுபிடிக்குப் பங்கு உண்டு. ஜெர்மனியில் விடுதிக் காப்பாளரை ‘விடுதி அப்பா’, ‘விடுதி அம்மா’ என்றே அழைத்தார்கள். வீட்டைவிட்டு வந்தாலும் அப்பா அம்மா காத்திருந்தார்கள்.

1972-இல் இன்டர்ரெயில் சீட்டு வந்தது. 21 வயது வரை உள்ளவர்கள் ஒரே சீட்டில் ஒரு மாதம் 21 நாடுகளில் ரயிலேறலாம். ஒரு தலைமுறையே ரயிலில் தூங்கி, நிலையத்தில் முகம் கழுவி ஐரோப்பாவைப் பார்த்தது. வயது வரம்பு முழுக்க நீங்க 1998 ஆயிற்று. பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டுக் கிளம்பும் இடா பைஃபர்களுக்கு அதுவரை அந்தச் சலுகை கிடையாது.

2008 மார்ச் 8 அன்று, பிப்பா பாக்கா என்ற இத்தாலியக் கலைஞர் ஒரு தோழியோடு மிலானிலிருந்து கிளம்பினார். இருவரும் வெள்ளைத் திருமண உடையில் இருந்தார்கள். லிஃப்ட் கேட்டுக்கேட்டே ஜெருசலேம் வரை போவது திட்டம். மனிதர்களை நம்பலாம் என்று காட்டுவதே அந்தக் கலைப்படைப்பு. இடாவைப் போலவே இஸ்தான்புல் வழி. அங்கே தோழிகள் பிரிந்தார்கள், பெய்ரூட்டில் சந்திப்பதாக ஏற்பாடு. மார்ச் 31 அன்று, நகருக்கு வெளியே ஏற்றிக்கொண்ட ஒருவன் பிப்பாவை வல்லுறவு செய்து கொன்றான். வயது 33. துருக்கியில் பலர் வெட்கத்தோடு துக்கம் காத்தார்கள். ஏன் தனியாகப் போனார் என்று கேட்டவர்களும் எல்லா நாடுகளிலும் இருந்தார்கள். அதே சாலைகளில் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு போய்வந்த ஆண்கள் எழுதிய புத்தகங்களை வாசித்து யாரும் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது வியன்னாவிலிருந்து ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் இரவு ரயில்கள் ரோமுக்குப் போகின்றன. 2025 வரை பாரிசுக்கும் போயின. ஆக மலிவான சீட்டு உட்கார்ந்தே போவது. படுக்கை கொஞ்சம் கூட. படுக்கையில் பெண்களுக்கு மட்டுமான அறை உண்டு. முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாம்.