செய்தியோடையும் சொத்துரிமையும்

ஒரு கருவியின் வரலாற்றைப் படிக்கும்போது, அதனை ஆக்கியவர் யார் என்ற கேள்வியோடு நின்றுவிடுவதே நமது வழக்கமாக இருந்து வந்துள்ளது. அக்கருவி யாருடைய கையில் இருந்தது, பின்னர் யாருடைய கைக்கு மாறியது என்று கேட்போர் சிலரே. ஆனால், ஒரு கருவி மக்களுக்குப் பயன்படுமா, மக்களைப் பயன்படுத்திக்கொள்ளுமா என்பதை இந்த இரண்டாவது கேள்விக்குரிய விடையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. இணையத்தின் செய்தியோடை இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

செய்தியோடை என்பது யாது? சஞ்சிகை ஒன்றுக்குச் சந்தா கட்டியவர் நாள்தோறும் கடைக்குப் போய் இதழ் வந்துவிட்டதா என்று விசாரிப்பதில்லை. இதழ் வெளிவந்ததும் அது தபாலில் அவரது வீட்டுக்கு வருகின்றது. இணையத்தில் அத்தகைய ஒழுங்கை ஏற்படுத்தித் தருவது ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. ஒரு தளம் புதிதாக வெளியிட்டவற்றின் தலைப்பும் சுருக்கமும் முகவரியும் அதில் வரிசையாக இடம்பெறும். நமது கணினியிலுள்ள மென்பொருள் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை அக்கோப்பைப் பார்வையிட்டு, முன்னர் காணாதது ஏதும் இருப்பின் அதனைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. எதைப் படிக்கவேண்டும் என்று இங்கு எந்தக் கம்பனியும் நமக்காகத் தெரிவு செய்வதில்லை. பட்டியல் நம்முடையது. இதுவே இக்கருவியின் உயிர்நாடி.

தொலைவிலுள்ள கணினியிலிருந்து கோப்பைப் பெறும் முயற்சி செய்தியோடைக்கு மிகவும் முந்தியது. 1971 ஏப்ரலில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய அபய் பூஷண் என்னும் இந்தியர் கோப்புப் பரிமாற்றத்துக்கான விதிகளை எழுதி வெளியிட்டார். 1996 இல் குரோசிய நாட்டவரான ஹர்வோயே நிக்சிச் 'டபிள்யூகெற்' என்னும் தரவிறக்க மென்பொருளைக் கட்டற்ற மென்பொருளாக வழங்கினார். தொடர்பு இடையில் அறுந்தாலும், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மனிதன் விழித்திருந்து செய்த வேலையை அவன் உறங்கும்போது இயந்திரம் செய்யும் நிலை இவ்வாறு உருவாயிற்று. எனினும், புதியது வந்துள்ளது என்பதை இயந்திரத்துக்கு அறிவிக்க ஒரு பொதுமொழி அப்போது இருக்கவில்லை.

அம்மொழி 1999 மார்ச்சில் நெற்ஸ்கேப் கம்பனியில் பிறந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இராமநாதன் குஹாவும், டான் லிபியும் அதனை வகுத்தனர். அதற்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். (அதே பெயருடைய இந்திய அரசியல் அமைப்புக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.) கம்பனியின் நோக்கம் மக்களுக்குத் தொண்டு செய்வதன்று. பல தளங்களின் தலைப்புகளைத் தனது வாசற்பக்கத்தில் குவித்து, வாசகர் கூட்டத்தைத் தன்பால் ஈர்ப்பதே அதன் நோக்கம். அவ்வாண்டிலேயே நெற்ஸ்கேப், ஏ.ஓ.எல். என்னும் பெருங்கம்பனியின் சொத்தாயிற்று. 2001 இல் புதிய உரிமையாளர் இவ்வடிவத்துக்கு அளித்த ஆதரவைக் கைவிட்டனர்.

உரிமையாளர் கைவிட்ட பின்னரும் அவ்வடிவம் அழியவில்லை. அதன் விதிகள் பகிரங்கமாக இருந்தமையே காரணம். 2000 டிசெம்பரில் இருவேறு அணியினர் அதனை இருவேறு திசைகளில் வளர்த்தனர். ஓரணிக்கு டேவ் வைனர் தலைமை தாங்கினார். மற்றைய அணி ஒரு தொண்டர் குழு. அக்குழுவில் ஆரன் சுவாற்ஸ் என்னும் 14 வயதுச் சிறுவனும் இருந்தான். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இவனிடம் நாம் திரும்பி வருவோம். பிணக்குகள் பல நேர்ந்தன. ஆயினும், 2003 இல் வைனர் தமது பதிப்பின் விதிநூலை ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்றிடம் ஒப்படைத்து, யாவரும் பயன்படுத்தக்கூடியதாக்கினார். 2005 டிசெம்பரில் 'அற்றம்' என்னும் மற்றொரு வடிவமும் இணையத்தின் பொதுநியமமாக வெளிவந்தது.

வைனரின் பதிப்பு 'இணைப்பு' என்னும் புதிய உறுப்பொன்றைச் சேர்த்தது. கடிதத்துடன் பொதியொன்றை அனுப்புவதுபோல, செய்தியுடன் ஒலிக்கோப்பு ஒன்றின் முகவரியும் அளவும் வகையும் இதனால் அனுப்பக்கூடியதாயிற்று. மெதுவான தொடர்புடைய வீட்டில், பெரிய கோப்பு இரவு முழுவதும் இறங்கிக் காலையில் ஆயத்தமாக இருக்கும். 2004 இல் பரவத் தொடங்கிய 'பொட்காஸ்ற்' என்னும் ஒலித்தொடர் முறை இந்தச் சிறிய உறுப்பின் மீதே எழுந்தது. வானொலி நிலையம் இல்லாதவரும் குரல் எழுப்ப அது வழி திறந்தது.

எனினும் ஒரு தடை இருந்தது. கோப்பைக் கேட்போர் பெருகப் பெருக, வழங்குபவரின் செலவும் பெருகியது. பணமுள்ளவரே பலருக்கு வழங்கமுடியும் என்ற நிலை. 2001 இல் பிராம் கோகென் வெளியிட்ட பிற்ரொரென்ற் முறை இக்கணக்கைத் தலைகீழாக்கியது. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு துண்டைப் பெற்றவர் அதனை அடுத்தவருக்கு வழங்குகின்றார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. துண்டு பழுதாயின் அது நிராகரிக்கப்படும். பெறுவோர் பெருகினால் வழங்குவோரும் பெருகுவர். 2003 இன் இறுதியில், செய்தியோடையையும் இம்முறையையும் இணைக்கும் எண்ணம் செயல்வடிவம் பெறத் தொடங்கியது. அனுமதியின்றித் தொலைக்காட்சித் தொடர்களைப் பெறுவதற்கும் பலர் இதனைப் பயன்படுத்தினர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உலகெங்கும் குறைந்த செலவில் பரவியதற்கும் இம்முறை துணைநின்றது.

இவ்வாறு மக்கள் கையில் வளர்ந்த கருவியைப் பெருமூலதனம் மீண்டும் நெருங்கிய விதத்தை நாம் கவனிக்க வேண்டும். அது தடியுடன் வரவில்லை, இனாமுடன் வந்தது. 2005 ஒக்டோபரில் கூகிள் தனது ஓடை வாசிப்பானை இலவசமாக வழங்கியது. இனாமுடன் யார் போட்டியிட முடியும்? 2009 இல் நியூஸ்கேற்றர் என்னும் நிறுவனம் தனது இணையவழி வாசிப்பானை மூடி, வாசகரைக் கூகிளிடமே அனுப்பியது. 2013 ஜூலை 1 ஆம் திகதி கூகிள் தனது வாசிப்பானையும் மூடிவிட்டது. பயன்பாடு குறைந்துவிட்டது என்பது அது கூறிய காரணம். சந்தாப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வேறிடம் கொண்டுசெல்ல முடிந்தமையால், விழிப்புள்ள வாசகர் தப்பினர். ஏனையோரிற் பலர், எதைப் படிப்பதென்று கம்பனிகளே தீர்மானிக்கும் சமூக வலைத்தளங்களிடம் போய்ச் சேர்ந்தனர்.

தரவிறக்க மென்பொருள்களின் கதையும் இதுவேயாகும். பிற்ரொரென்ற் முறைக்கென 2005 இல் ஒரு தனிமனிதர் எழுதிய மியூரொரென்ற், சிறியதாகவும் விரைவாகவும் இருந்தமையால் புகழ்பெற்றது. அதன் மூலநிரல் மூடப்பட்டிருந்தது. 2006 இல் அது கம்பனி ஒன்றின் சொத்தாயிற்று. 2012 இல் விளம்பரங்கள் புகுந்தன. 2015 இல், நாணயம் அகழும் மென்பொருள் ஒன்று தமது கணினியில் உடன்சேர்ந்து நிறுவப்பட்டதெனப் பயனாளர் முறையிட்டனர். கட்டற்ற மென்பொருள்களின் களஞ்சியமாக விளங்கிய சோர்ஸ்போர்ஜ் தளமும் 2013 முதல் விளம்பரப் பொதிகளை உடன்சேர்த்து வழங்கலாயிற்று. 2016 இல் புதிய உரிமையாளரே அவ்வழக்கத்தை நிறுத்தினர்.

எனவே, மென்பொருளைத் தெரிவு செய்வது வெறும் வசதிபற்றிய பிரச்சினையன்று. அதன் மூலநிரல் பகிரங்கமானதா? நமது பட்டியலை நாம் வெளியே எடுத்துச்செல்ல முடியுமா? கோப்பு மாறாத புதுமையற்ற வேளையில் அதை மீண்டும் இறக்காது, பிறர் வழங்கியின் சுமையை அது குறைக்கின்றதா? இறக்கியதைச் சரிபார்க்கின்றதா? இவற்றை நாம் கேட்டல் வேண்டும். 2006 இல் தொடங்கிய கியூபிற்ரொரென்ற், ஒலித்தொடர்களுக்கான ஜீபொடர், மேலே கூறிய டபிள்யூகெற் ஆகியன பகிரங்க நிரல் கொண்டவை. ஆனால் பகிரங்கம் என்ற ஒன்றே போதும் என்று மயங்கலாகாது. 2016 மார்ச்சில், பகிரங்க நிரல் கொண்ட ரான்ஸ்மிஷன் மென்பொருளின் தளத்திலேயே, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் கலந்த பிரதி ஒன்று வைக்கப்பட்டது. விழிப்பு இல்லாதவிடத்து உரிமை நிலைப்பதில்லை.

இனி அச்சிறுவனிடம் திரும்புவோம். இளைஞனாக வளர்ந்த ஆரன் சுவாற்ஸ், 2010 செப்டெம்பர் முதல் சிறிய நிரல் ஒன்றின் துணையுடன், மசாசூசெற்ஸ் நிறுவகத்தின் வலையமைப்பு வழியாக, ஜேஸ்ரோர் என்னும் ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து பல இலட்சம் கட்டுரைகளைத் தானியங்கி முறையில் இறக்கினான். ஜேஸ்ரோர் இலாபநோக்கற்ற நிறுவனமே. ஆயினும் சந்தா கட்டிய நிறுவனங்களுக்கே அதன் வாயில் முழுமையாகத் திறந்திருந்தது. அக்கட்டுரைகளை எழுதியோர் ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும். எழுதியதற்காக அவர்கள் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. 2011 ஜனவரியில் அவன் கைதானான். தன் பிணக்கு தீர்ந்துவிட்டதென்று ஜேஸ்ரோர் அறிவித்தபின்னரும் அமெரிக்க அரசு வழக்கைக் கைவிடவில்லை. 2012 இல் குற்றச்சாட்டுகள் 13 ஆகப் பெருகின. 2013 ஜனவரி 11 ஆம் திகதி, தனது 26 ஆவது வயதில், அவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் ஜேஸ்ரோர், 1,200 இற்கு மேற்பட்ட ஆய்விதழ்களைப் பொதுமக்கள் வரையறையுடன் இலவசமாகப் படிக்கலாமென அறிவித்திருந்தது.

அவன் கையாண்ட வழி சரியா, தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவன் எழுப்பிய கேள்வியிலிருந்து ஆசிரியரும் மாணவரும் ஒதுங்கிவிட முடியாது. அறிவு, அதனை உழைத்து ஆக்கியவர்க்கும் அதன் தேவையுடையவர்க்கும் உரியதா? வாயிலைக் காப்பவர்க்கு உரியதா? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயத்துக்கு இக்கேள்வியின் பாரம் தெரியும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் யாவரும் தரவிறக்கக் கூடியவாறு சேர்த்துவரும் 'நூலகம்' எண்ணிம நூலகம், அக்கேள்விக்கு நம்மவர் அளித்த ஒரு விடையாகும்.

செய்தியோடை இன்றும் இறந்துவிடவில்லை. அதன் விதிகள் எவருக்கும் வாடகை கேட்காமல் பொதுவிலேயே கிடக்கின்றன. அவற்றைக் கையிலெடுத்து, நமது பட்டியலை நாமே எழுதி, பெற்றதைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது நமது பொறுப்பாகும். பொதுச்சொத்து, பயன்படுத்துவோர் உள்ளவரைதான் பொதுச்சொத்தாக நிலைத்திருக்கும்.